மூன்றாம் ஓலை

ஜெபிஷா அப்பா,

உங்களை எழுப்பவில்லை. இட்லி ஹாட்பேக்கில் இருக்கிறது. மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் சாத்தான்குளத்திலிருந்து சாப்பிட வருகிறார்கள். கறியை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.

இன்று கோயிலில் ஞாயிறு ஆராதனையில் பாதிரி ஐயர் நம் மகளின் கல்யாண ஓலையை, மூன்றாவதும் கடைசியுமான அறிவிப்பாக, வாசிக்கிறார். போன இரண்டு வாரமும் "ஜெபசிங் அவர்களின் மகள்" என்றதும் எல்லாரும் ஆண்கள் பக்கம் திரும்பி உங்களைத் தேடினார்கள். வாசலில் வைத்து ஈவாஞ்சலின் அக்கா கேட்டார்: "ஏளா இன்பமணி, ஒன் வீட்டுக்காரரு பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு சேத்துக்கிடச் சொல்லுவமா?" நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

கோயில் கமிட்டி தேர்தலில் தோற்றதிலிருந்து டிவியில் சென்னைப் போதகரோடுதான் உங்கள் ஆராதனை. அவர் நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் உங்கள் அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள், உங்களுக்கு ஓட்டுப் போடாத டிக்சனும் பெனிஸ்டனும்தான்.

கிளம்பினால் சாவியைப் பக்கத்து வீட்டு இந்துமதியிடம் கொடுங்கள்.

இன்பமணி

வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருக்கிறேன்.

நேற்று ஜெபிஷா கேட்டாள்: "கல்யாணத்தன்னைக்காவது அப்பா கோயிலுக்குள்ள வருவாங்களாம்மா? இல்ல, என்னைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக சித்தப்பாட்ட சொல்லட்டா?"

ரிமோட்டில் பேட்டரி இல்லை, தேடாதீர்கள். என் கைப்பையில் இருக்கிறது. வேண்டுமானால் கோயிலுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.