ஆடியில் பார்க்காத இடம்

தாபோடி, பூனா
ஆவணி முதல் வாரம், 2006

அன்பு மகள் ரோஹிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், அவருடைய முழங்கால் வலியைத் தள்ளிவைத்துப் பார்த்தால், சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ரமேஷும் குழந்தை விச்சுவும் சுகம்தானா என்று உன் கையால் இரண்டு வரி எழுது, போனில் நீ சொல்கிற "நல்லா இருக்கேம்மா"வை நான் நம்புவதை விட்டு ரொம்ப நாளாயிற்று. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன், மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லாதே, நீயே மெதுவாகப் படி. போனில் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. நான் பேச ஆரம்பித்தாலே அப்பா ரிசீவருக்குக் கை நீட்டுகிறார், பிடுங்கிக்கொண்ட பிறகு "அங்க மழையா" என்று கேட்டுவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

வைகாசியில் நீ போனில் அழுதாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. ஏரியைப் பார்த்த மாதிரி ஆசையாக வாங்கின வீடு, கவுண்டிக்காரர்கள் வரியை இப்படி ஏற்றிவிட்டார்கள், பக்கத்து வீடு பெரிய விலைக்குப் போனதால் உங்கள் வீட்டுக்கும் அந்த மதிப்புப் போட்டுவிட்டார்கள், விற்றுவிட்டு ஊருக்குள் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றாய். கவுண்டி என்றால் நம் ஜில்லா மாதிரி என்று மாப்பிள்ளை முன்பே சொல்லியிருந்ததால் அதுமட்டும் புரிந்தது. உள்ளே வந்து ஒரு அறையைக்கூடப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தண்ணீருக்கு வரி போடுகிற ஊரை நான் கேள்விப்பட்டதில்லை. அப்பா கேட்டுவிட்டு, வருஷா வருஷம் இப்படிக் கட்டினால் அந்த வீடு இவளுடையதா அவர்களுடையதா என்றார். கடைசியில் நீ, "ஏரியைப் பார்த்து ஆசைப்பட்டது தப்பாம்மா" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் போன் கார்டில் காசு தீர்ந்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன், நடுவில் நிறையக் கதை வரும், பொறுத்துக்கொள்.

கடக்வாஸ்லாவில் நாம் வாங்கின இடம் உனக்கு நினைவிருக்கும். தொண்ணூற்றொன்றாம் வருஷம், சித்திரை மாதம். உன் அப்பாவோடு கட்கி ஃபாக்டரியில் வேலை பார்த்த காஷிநாத்துடைய கிராமம் அது, அணைக்குக் கொஞ்சம் மேலே, அவருடைய பங்காளிகள் நிலத்தைப் பிரித்து விற்றார்கள். நாம் போனபோது ஏரி எங்கோ தூரத்தில் வெள்ளித் தகடு மாதிரிக் கிடந்தது, நம் இடத்துக்கும் அதற்கும் நடுவில் எருமை மேய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு கல்லின் மேல் ஏறி நின்று இங்கே சமையலறை, இங்கே வாசல், காலையில் காபி டம்ளரோடு ஏரியைப் பார்த்து உட்காரலாம் என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். நீ உனக்கு மாடியில் தனி அறை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய், கட்டாத மாடிக்கு அங்கேயே ஒரு சண்டை நடந்தது. காஷிநாத் மட்டும், அவசரப்படாதீர்கள், மழைக்காலத்தில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று இந்தியில் இரண்டு முறை சொன்னார். நாம் கேட்டோமா? மழைக்காலம் என்றால் ஆடி, ஆடியில் யாராவது இடம் பார்ப்பார்களா, எங்களில் அது வழக்கமில்லை, ஆடி பிறப்பதற்குள் பதிவை முடித்துவிட வேண்டும் என்று நானும் அப்பாவும் ஒரே குரலில் சொன்னோம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் பேசினது என் கல்யாண வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதுவரை ஆடிப்பெருக்கு என்றால் நமக்குத் தாபோடியில் முளா ஆற்றங்கரைதான். ஃபாக்டரிக் கழிவு மிதக்கிற தண்ணீரில் காதோலை கருகமணி விட மனசே வராது. அந்த வருஷம்தான் நமக்கே ஏரிக்கரையில் இடம் இருக்கிறதே, ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே, அங்கேயே படைக்கலாம் என்று கிளம்பினோம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற போபோடியிலிருந்து ஆரோக்கியமேரி அக்காவும் வந்தாள், கோயில் வேறானாலும் அவளுடைய புளிசாதம் இல்லாமல் நம் ஆடிப்பெருக்கு என்றைக்கு நடந்தது? ஸ்வார்கேட்டில் பஸ் மாறி, தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு, தூறலில் நனைந்துகொண்டு போய் இறங்கினோம். நீ முன்னால் ஓடினாய். ஓடின வேகத்திலேயே திரும்பி வந்து, "அப்பா, நம்ம இடத்தைக் காணோம்" என்று கத்தினாய் பார், அதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அணை நிரம்பியதும் ஓடை வழியாகத் தண்ணீர் எதிர்த்து மேலேறி நம் சமையலறை, வாசல், உன் மாடி எல்லாவற்றையும் மூடியிருந்தது. அப்பா வெள்ளையடித்து நட்டிருந்த மூலைக் கற்களில் ஒன்றே ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. காஷிநாத் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார், நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மனிதருடைய பெருந்தன்மையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். உன் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போது ஆரோக்கியமேரி அக்கா புடவையைச் சொருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, "அண்ணே, எல்லாரும் ஆத்தத் தேடிப் போறாங்க, உங்க வூட்டுக்கு ஆறே வந்துகீது, எலையப் போடுங்க" என்றாள். மேட்டில் கருவேல மரத்தடியில் பழைய விரிப்பைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். நம் வீட்டுச் சமையலறையில் மீன் துள்ளுகிறது என்று நீ கத்த, அப்பாவே சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாம் ஒரு ஆடியையும் விடவில்லை. வீடு கட்ட முடியாது என்று தெரிந்த பிறகும் அப்பா பஞ்சாயத்து வரியை மட்டும் ஒரு வருஷம் தவறாமல் கட்டினார். ஒரு தடவை, தண்ணீருக்குள் இருக்கிற மாதங்களுக்கு வரியைக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்று போய்க் கேட்டார். அங்கே இருந்தவர் அப்படியானால் அந்த மாதங்களில் பிடிக்கிற மீனுக்கு யார் வரி கட்டுவது என்று கேட்டு, சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து அப்பா யார் கேட்டாலும், எட்டு மாசம் தரை, நாலு மாசம் ஏரி, வரி மட்டும் பன்னிரண்டு மாசமும் என்பார். நீ காலேஜ் போன பிறகுகூட சிநேகிதிகளை விட்டுவிட்டு ஆடிப்பெருக்குக்கு எங்களோடு வந்தாய், சுட்ட சோளக்கதிரை நனைந்த கையோடு கடித்துக்கொண்டு ஒரு நாள் இப்படி ஒரு ஏரிக்கரையில்தான் இருப்பேன் என்றாய். இருந்துவிட்டாய். அதனால்தான் நீ அழுதபோது எனக்குத் தாங்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பக்கமெல்லாம் ஏரி தெரியும் வீடுகள் என்று போர்டு வைத்து விலை எங்கேயோ போய்விட்டது. நீ அழுத மறுவாரமே ராம்பிரசாத் என்று ஒரு பையன் நம் இடத்தைக் கேட்டு வந்தான். கோயம்புத்தூர்க்காரன், ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை, அப்பா இல்லை, ஊரில் தனியாக இருக்கிற அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள ஒரு வீடு கட்ட வேண்டுமாம். வெயிலில் காய்ந்து கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு அதே கல்லின் மேல் ஏறி நின்று இங்கே சமையலறை என்றான். உன் அப்பாவுக்கு வாய் துறுதுறுவென்று வந்தது, நான் பின்னாலிருந்து அவர் முதுகில் அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளினேன். வாயை மூடிக்கொண்டார். எனக்கு என் பெண்ணின் வீடுதான் கண்ணில் இருந்தது. இந்தப் பணத்தை உனக்கு அனுப்பினால் நீ அந்த வீட்டை விட வேண்டாம், நீ கேட்காமலே வந்து நிற்கும், அதைப் பார்த்து நீ எப்படிக் கூச்சல் போடுவாய் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். பையன் வேறு, அம்மா ஆடியில் கூடாது என்கிறார்கள், அதற்குள் பதிவு செய்துவிடலாமா என்று அவசரப்பட்டான். கேட்டாயா கூத்தை. நாங்கள் சொன்ன அதே பேச்சு.

ஆனி முடிகிற சமயம் அவனுடைய அம்மா பட்டு எனக்குப் போன் செய்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள், குரலே மெத்தென்று இருந்தது. "அக்கா, பாஷை தெரியாத ஊருங்க, அவனுக்கு நல்லது கெட்டது சொல்ல யாருமில்லீங்க, நீங்க நம்ம மனுசங்க, நீங்க பார்த்துக் குடுக்கறதுங்க, நான் வந்து பார்க்கவே வேண்டாமுங்க" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. காஷிநாத் வேறு பாஷைக்காரர், அவர் நம்மிடம் இரண்டு தடவை சொன்னார், நாம் கேட்கவில்லை. நான் ஒரு தடவைகூடச் சொல்லாமல் அவளுடைய பிள்ளையைத் தண்ணீரில் இறக்கப் பார்த்தேனே. போனில் உண்மையைச் சொல்ல அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை. பதிவை ஆவணிக்குத் தள்ளி வையுங்கள், ஆடிப்பெருக்குக்கு நீங்களும் தம்பியும் எங்களோடு வந்து சாப்பிடுங்கள் என்றேன். ஆடியில் இடம் பார்க்கலாமா என்று தயங்கினாள். இடம் பார்க்க வேண்டாம், ஆற்றுக்குப் படைக்க வாருங்கள் என்றேன்.

வந்தாள். இந்த வருஷம் மழை கேட்கவே வேண்டாம், அந்த ஒற்றைக் கல்கூடத் தெரியவில்லை. பையன் நம் கருவேல மரத்தை வைத்து இடத்தை அடையாளம் கண்டுபிடித்துவிட்டு அப்படியே நின்றான். என்னை முறைத்துக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பட்டு செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைக் கையெடுத்துக் கும்பிட்டாள், மஞ்சள் குங்குமம் விட்டாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டே, "இதைக் காட்டத்தான் கூப்பிட்டீங்களாங்க" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகு, இடம் கிடக்கட்டும், அடுத்த வருஷமும் இங்கே படைக்க வரலாமா என்று கேட்டாள். ஆரோக்கியமேரி அக்கா எனக்கு முந்திக்கொண்டு, கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா, இப்போது ரோஹிணிக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டார். அதற்குத்தான் இந்தக் கடிதம். உனக்கு அனுப்ப நினைத்தது வரவில்லை கண்ணு. என் கையாலேயே கெடுத்தேன், அதில் எனக்கு வருத்தமும் இருக்கிறது, நிம்மதியும் இருக்கிறது. மாப்பிள்ளையை அந்த கவுண்டி ஆபீசுக்கு நேரில் போய் மதிப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்கச் சொல், கேட்பதில் வெட்கமில்லை, உன் அப்பா பஞ்சாயத்தில் கேட்கப் போய், மீனுக்கு யார் வரி கட்டுவது என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தவர். குறைக்கவில்லை என்றால் விற்றுவிடு. ஏரியைப் பார்த்து ஆசைப்பட்டது தப்பே இல்லை. நாங்கள் ஆசைப்பட்டதில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, ஆனால் என் வாழ்க்கையில் நான் நன்றாகச் சிரித்த நாட்களைச் சொல் என்றால் பாதி அந்தக் கருவேல மரத்தடியில் சிரித்ததுதான். அந்த இடத்தை இனி யாருக்கும் விற்பதில்லை, எங்களுக்குப் பிறகு அது உனக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். உனக்கு ஏரிக்கரையில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் காலம் வரை வரியை நாங்களே கட்டிக்கொள்கிறோம்.

மூவரும் நோய் நொடியில்லாமல், சிரித்த முகமாக, கையிலிருப்பதை நிறைவாக அனுபவித்து நீண்ட நாள் இருக்க வேண்டும். விச்சுவுக்கு நெற்றியில் என் முத்தம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. இரண்டு விஷயம் மறக்காதே. அடுத்த ஆடியில் டிக்கெட் எடுத்து வா, ஆடியில் பயணம் கூடாது என்று நான் முன்பு சொன்னதையெல்லாம் விட்டுத்தள்ளு. இன்னொன்று, அந்த வீட்டை வாங்க யாராவது வந்து ஜன்னலண்டை நின்று ஏரியைப் பார்த்தால், வரி எவ்வளவு ஏறும் என்பதை நீயே முதலில் சொல்லிவிடு. அவர்களுக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேதநாயகி