பம்சேயின் காதில் விட்ட எண்ணெய்

அம்மருட், ஒஸ்லோ
செவ்வாய் மாலை

என் பாசமுள்ள மகள் ஷரோனுக்கு,

உன் அப்பா தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. ஆண்டவர் கிருபையால் இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அங்கே வடக்கே ஆல்ற்றாவின் குளிருக்குள் ஆடு, மாடு, நாய்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு அலைந்து திரிகிறாய். உன்னை வருத்தம் எதுவும் அண்டாதிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் மன்றாடுகிறேன்.

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. 'ழ' ஒன்று போட எனக்கு மூன்று மூச்சு வேண்டியிருக்கிறது. போன கிழமை கோயில் மண்டபத்தில் எனக்கு எழுதப் பழக்கும் மக்டலீன் ரீச்சர் என் பயிற்சிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, ஐயா, உங்கடை எழுத்து என்ரை எழுத்தைவிட வடிவு என்று சொன்னார். அது பொய். ஆனாலும் சந்தோசத்தில் குரோருட்டிலிருந்து ரி-பான ரெயிலில் இருக்க மனம் வராமல் நின்றுகொண்டே வந்தேன். கடைப் பலகை, மருந்துப் போத்தில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். எழுபத்திநாலு வயதில் எனக்கு இப்படி ஒரு பைத்தியம்.

உன் அம்மா இருந்தவரை எல்லாப் படிவத்தையும் அவதான் நிரப்புவா. நான் அடியில் ஒரு வளைந்த கோடு மட்டும் போடுவேன். நோர்வேயில் இத்தனை வருசமாக அது எழுத்தா கோடா என்று எவரும் கேட்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது என்று உனக்கே போன வருசம்தானே தெரிய வந்தது.

இவ்வளவையும் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் அங்கே எத்தனை பாகை குளிர் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் வாய் வேண்டிய பக்கம் எல்லாம் வளைந்து கொடுத்துப் பழகிவிட்டது. கை அப்படி இல்லை. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடுபடும்போது பொய் எழுத மனம் வராது. ஆகையால்தான் கடிதம்.

எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருக்கும் நோர்வே மனுசி பெரித்தை உனக்குத் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது அவவின் நாய் பம்சே லிஃப்றுக்குள் உன் கையை நக்கியது. பெரித்துக்கு முழங்காலில் ஒப்பரேசன் செய்த பிறகு காலையும் மாலையும் பம்சேயை நடத்திக்கொண்டு போனது நான்தான். என் உடைந்த நொர்ஸ்க் மொழியைத் திருத்தாமல் கேட்ட ஒரே சீவன் அது.

அந்த நத்தாருக்கு நாங்கள் பிடித்த சண்டையும் உனக்கு நினைவிருக்கும். சனங்கள் நாய்க்கு உள்ளிப்பூண்டு தீத்துதுகள், உண்ணி வராமல் தேங்காயெண்ணெய் பூசுதுகள், கேட்டால் இயற்கை எண்டு சொல்லுதுகள் என்று அலுத்துக்கொண்டாய். இயற்கை எண்டால் நல்லது எண்டு ஆர் சொன்னது அப்பா, பாம்பின்ரை விஷமும் இயற்கைதானே என்றாய். நான் விடவில்லை. நீ ஆறு வருசம் படிச்ச படிப்பைக் காதாலை கேட்டது, சின்னனிலை நான் உன்ரை காதுக்கை விட்ட உள்ளி எண்ணெயாலைதான் என்றேன். நீ சிரித்துவிட்டாய். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

தை மாதக் கடைசியில் பம்சே காதைச் சொறியத் தொடங்கியது. கிட்டப் போனால் மணந்தது. பெரித் மிருக வைத்தியரிடம் நாள் எடுத்துவிட்டார். போக வேண்டாம் என்று தடுத்தது நான்தான். நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, போத்திலில் கொண்டுபோனேன். பெரித் தயங்கினார். அப்போது நான் சொன்னதை எழுத இன்று பின்னேரம் முழுவதும் பிடித்தது. என்ரை மகள் மிருக வைத்தியர், அவதான் இந்த எண்ணெயைச் சொன்னவ என்று சொன்னேன்.

இன்றைக்கு இதற்கு மேல் என்னால் முடியாது.

புதன்

பெரித் வைத்தியரிடம் எடுத்த நாளைத் தள்ளிப் போட்டுவிட்டார். உன் பேரைச் சொன்னதும் நம்பிவிட்டார்.

முதல் நாள் பம்சே பேசாமல் நின்றது. இரண்டாம் நாள் என்னைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே போனது. மூன்றாம் நாள் எண்ணெய் உள்ளே இறங்கியவுடன் அது போட்ட சத்தம் குழந்தையின் சத்தம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டே திரிந்தது. மருந்து பிடிக்குது என்று பெரித்துக்குச் சொன்னேன். பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் முதல் கடிதத்தில், நாயின் காதைச் சுகப்படுத்திவிட்டேன், இப்ப என்ன சொல்லுறாய் என்று உனக்கு எழுதிக் காட்டும் ஆசை எனக்கு இருந்தது. அந்த ஆசைதான் என் கண்ணை மறைத்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பம்சேயோடு வாசலில் நின்றேன். நாலாம் மாடி இரத்தினவேல் வந்தார். என்னடா தம்பி, தலையைச் சரிச்சுக்கொண்டு நிக்கிறாய், படம் எடுக்கவோ என்று பகிடி விட்டுக்கொண்டு, குனிந்து அந்தக் காதையே பிடித்துத் தடவினார். பம்சே அவரின் கையைக் கவ்விவிட்டது. ஏழு தையல். கயிறு என் கையில்தான் இருந்தது. எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், சும்மா நிண்ட நாய், ஏனெண்டு தெரியாது என்றேன். காதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்தக் கிழமையே கதை மாறிவிட்டது. இரத்தினவேல் போனில் ஒரு படத்தைக் காட்டி, அண்ணை, இது இந்த நாட்டிலை தடை செய்த இனம், தலையின்ரை அகலத்தைப் பாருங்கோ என்றார். இரண்டு வருசமாகப் பம்சேக்குப் பிஸ்கற் கொடுத்த பெண்பிள்ளைகூட, ஓம், அதின்ரை கண்ணிலை எனக்கு அப்பவே பயம் என்றாள். அதன் தாய் லாப்ரடோர் என்று பெரித்திடம் தாள் இருக்கிறது. தகப்பன் எது என்று தெரியாது. இப்போது இந்தக் கட்டடம் முழுவதும் அந்த நாயின் தகப்பனைத் தேடுகிறது. காதுக்குள் எண்ணெய் விட்டவன் ஆர் என்று ஒருவரும் தேடவில்லை.

நீ வானொலியில் கதைத்ததை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாய் அல்லவா. இனத்தைத் தடை செய்தால் சனத்துக்கு நிம்மதி வரும், கடி குறையாது என்றாய். பெரிய தாடை உள்ள நாயை வளர்க்கிறவருக்குக் கட்டுப்பாடு வேணும், அதை நான் மறுக்கேல்லை, ஆனால் கடிச்ச நாயின்ரை பல்லைப் பார்க்க முதல் அதுக்கு எங்கை நோகுது எண்டு பார்க்கோணும் என்றாய். நாய்க்கு வழக்காட அப்புக்காத்தாகவோ படிச்சனீ என்று உன்னை நையாண்டி பண்ணினேன். அந்தச் சொல்லை இன்று திருப்பி எடுக்கிறேன்.

வியாழன்

இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் கேவலம்.

பம்சேயை இந்தக் கட்டடத்தில் வைத்திருக்கக்கூடாது என்று ஒரு மனு எழுதி, கட்டுப் போட்ட கையோடு இரத்தினவேல் கதவு கதவாகத் திரிந்தார். என்னிடம் வந்தபோது தாளில் என்ன இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு, ஐயாவுக்கு இப்ப எழுத வருமாமே, கோடு கீறாமல் பேரை எழுதுங்கோ பாப்பம் என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பேனையை நீட்டினால் எழுதிவிடும் இந்தப் புதுப் பைத்தியம் மறுபக்கம். கொன்ஸ்ரன்ரைன் என்று தமிழில் முழுப் பேரையும் எழுதினேன். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அந்த நேரம் எனக்குச் சந்தோசமாக இருந்தது, ஷரோன். 

போன திங்கள் பொலிஸ் வந்து பம்சேயைக் கொண்டுபோய் ஒரு நாய்க் கொட்டிலில் வைத்திருக்கிறது. கொல்லுவதா விடுவதா என்று தீர்மானிக்க முதல், பெரித் தன் பக்கத்தை எழுதிக் கொடுக்கலாம். அடுத்த கிழமை வெள்ளிதான் கடைசி நாள்.

நேற்றிரவு பெரித் ஊன்றுகோலோடு எங்கள் கதவைத் தட்டினார். மனுவில் உள்ள பதினாறு பேரில் தமிழிலை எழுதினது நீங்கள் மட்டும்தான், உங்கடை எழுத்து எனக்குத் தெரிஞ்சுது என்றார். சத்தம் போடவில்லை. காதைப் பற்றி எழுதினீங்களோ என்று கேட்டேன். இல்லை என்றார். ஏன் என்றதற்கு, உங்கடை மகள் சொன்ன மருந்து எண்டு எழுதினால் அவவின்ரை வேலைக்குப் பிரச்சினை வரும், நல்ல பிள்ளை, அவவை இதுக்குள்ளை இழுக்க ஏலாது என்றார்.

நீ செய்யாத ஒன்றிலிருந்து உன்னைக் காப்பாற்ற அந்த மனுசி தன் நாயைக் கொடுக்கப் பார்த்தார்.

அப்போதுதான் சொன்னேன். உன்னை நான் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் நீ கத்தியிருப்பாய் என்பதையும் சொன்னேன்.  என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அப்ப பம்சேக்கு இண்டைக்கும் அந்தக் காது நோகுமோ என்று கேட்டார். அதற்கான பதில் உனக்குத் தெரியும்.

இந்தத் தாள்களை நானே போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். ஆறுதலாக யோசிக்க நேரம் இல்லை. முதலில் அந்தக் கொட்டிலுக்குப் போன் அடித்து, காதைப் பார்க்கச் சொல்லு. நோவு அடங்க ஏதாவது கொடுக்கச் சொல்லு. பிறகு இந்தக் கடிதத்தை ஒரு சொல் விடாமல் நொர்ஸ்க்கில் எழுதிப் பெரித்துக்கு அனுப்பு, அவர் அதைப் பொலிசுக்குக் கொடுக்கட்டும். கிழவன், ஊர்ப் பழக்கம், தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்காக ஒரு வரியும் சேர்க்காதே. எண்ணெய் பிடிக்கவில்லை என்று மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். இரத்தினவேலிடம் நாளைக்கு நானே போகிறேன். அந்தக் கை கடிபட்டதும் என்னால்தானே.

என்னை ஏச வேண்டும் என்றால் எல்லாம் முடிந்த பிறகு ஏசு, பிள்ளை. போனில் ஏசு. நான் இந்தமுறை குளிரைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

ஆண்டவர் உன் இரண்டு கைகளையும் ஆசீர்வதிப்பாராக. வாயில்லாத சீவன்கள் அந்தக் கைகளைக் கண்டு கட்டிலுக்குக் கீழே ஒளியாதிருக்கட்டும்.

உன் அப்பா
கொன்ஸ்ரன்ரைன்