மனேஜருக்குப் பின்னால் நின்ற கப்பல்

1943 ஆவணி, சனி.

பள்ளிப் பையன்களின் கிரிக்கெட் ஆட்டத்தைப் படம் பிடித்தேன். மட்டைக்காரனைக் குறிவைத்தபோதெல்லாம் பள்ளி மனேஜர் அவன் பின்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் விலகுங்கோ ஐயா."

"நீ படம் பிடிக்க வந்தனி. வாயைப் பொத்திக்கொண்டு பிடி."

பையன்கள் சிரித்தார்கள்.

அவருக்குப் பின்னால் துறைமுகத்தில் போர்க்கப்பல் ஒன்று. படத்தில் அது தெரியக் கூடாதென்று வெள்ளைக்காரத் தணிக்கை அதிகாரி உத்தரவு போட்டார்.

கண்ணாடி நெகட்டிவ்வில் கப்பலின் மேல் சிவப்பு மை பூசினேன். தூரிகையைக் கழுவப் போனவன், திரும்பி வந்து மனேஜர் மேலும் பூசினேன். மை ஒளியை மறித்துவிடும்; அச்சுப் போட்ட படத்தில் பையனுக்குப் பின்னால் வெறும் வெள்ளை.

நாளைக்கு வந்து கத்தட்டும். "யுத்தகாலம் ஐயா, அழிக்கச் சொல்லிப்போட்டினம்" என்பேன். எந்த வெள்ளைக்காரனிடம் போய், தான் கப்பல் இல்லையென்று சொல்லுவார்?