கடித்து வைத்த ரொட்டி

கோகந்த்,
திராட்சை கறுக்கத் தொடங்கிய நாட்கள்.

அன்பு மகன் இல்ஹோமுக்கு,

சமாராவில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்ளும் உன் அப்பா ஹைதரலி, தன் கையாலேயே எழுதுவது.

தன் கையாலேயே என்று எழுதியதை இன்னொரு முறை படித்துக்கொள். நானும் இரண்டு முறை படித்துவிட்டேன். இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. எழுத்துகள் பெரிதாக இருக்கும், வரி ஒரு பக்கம் இறங்கிப் போகும். பொறுத்துக்கொள். ஒரு பத்தி எழுதியதும் கை வலிக்கிறது. அப்போது திராட்சைக் கொடியின் கீழ் போய் உட்கார்ந்துவிட்டு, திரும்பி வந்து எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் உனக்கு எப்போதும் வேலை வந்துவிடுகிறது. கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது பார்.

எழுத்து வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எனக்குச் சந்தோஷம். லைசென்ஸ் இல்லாமல் இனி ஒருவரும் வீடு காட்டக்கூடாது, ஏதாவது ஓர் அலுவலகத்தின் கீழ் பேர் பதிந்த விற்பனையாளராகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? தரகு அலுவலகம் வைத்திருக்கும் முகத்தஸிடம் போய், என்னைச் சேர்த்துக்கொள் என்றேன். அவள் சிரித்தாள். 'ஹைதர் அண்ணா, ஊர்ல பாதி வீடு நீங்க கை சேத்து வெச்சு முடிச்சதுதான். ஆனா பரீட்சை எழுதணுமே. பேனாவை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னாவது தெரியுமா?' என்றாள். கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம்தானே. சின்ன வயதில் மலையில் ஆட்டோடு கிடந்தேன். பட்டாளத்தில் உருளைக்கிழங்கு உரித்தே காலத்தை ஓட்டினேன். அதற்குப் பிறகு உன் அம்மா இருந்தாள். அவள் கண் இருந்தவரை எனக்கு எழுத்து தேவைப்படவில்லை.

மஸ்தூராதான் சொல்லிக்கொடுத்தாள். உன் மனைவியைப் போல் கண்டிப்பான வாத்தியாரை நான் பார்த்ததில்லை. மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் ரோபியாவின் பழைய அரிச்சுவடியை என் முன்னால் வைப்பாள். நான் தப்பாக எழுதினால், 'அப்பா, இது எழுத்தா, கோழி நடந்ததா?' என்பாள். ரோபியா அவள் அம்மாவுக்கு மேலே. 'தாத்தாவுக்கு இன்னிக்கு அஞ்சுக்கு ரெண்டுதான்' என்று என் காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் மதிப்பெண் போடுவாள்.

எழுத்து வந்ததும் ஊரே மாறிவிட்டது இல்ஹோம். நொண்டி உமரின் டீக்கடை என்று நாம் சொல்லும் கடைக்குப் பலகையில் 'வசந்தம்' என்று பெயர் இருக்கிறது. உமரிடம் சொன்னேன். 'எங்கப்பா வெச்ச பேரு. இத்தனை வருஷமா கடன் கிடையாதுன்னு எழுதின பலகைன்னு நெனச்சீங்களா?' என்றான். பால் பாக்கெட், பஸ், மருந்துச் சீட்டு, எதையும் படிக்காமல் விடுவதில்லை. உன் அம்மாவின் கல்லறைக் கல்லுக்குப் போனேன். ஆய்தீன் என்று எழுதியிருக்கிறது. அவள் பேரை எழுத்தில் முதல்முறை பார்த்தது அங்கேதான். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன், அவசரப்படவில்லை.

லைசென்ஸ் வகுப்பில் எல்லாரும் சின்னப்பிள்ளைகள். முதல் நாள் ஒரு பெண், 'தாத்தா, பேரனைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா? பள்ளிக்கூடம் அடுத்த வாசல்' என்றாள். 'நான்தாம்மா படிக்க வந்தவன். பென்சில் மறந்துட்டேன், ஒண்ணு குடு' என்றேன். பரீட்சையன்று கடைசி ஆளாக நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். காவலுக்கு இருந்தவர் வந்து எட்டிப் பார்த்து, 'பெரியவரே, வீட்டை விக்கத்தான் சொன்னோம். நீங்க செங்கல் அடுக்கிக் கட்டவே ஆரம்பிச்சுட்டீங்களா?' என்றார். ஆனால் தேறிவிட்டேன்! படம் ஒட்டிய அட்டை கொடுத்தார்கள். மஸ்தூரா அன்று பிலாவ் செய்தாள், சீமைமாதுளம் போட்டு.

அட்டை கொடுக்கும்போது எழுந்து நின்று, விதிகளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். என் முறை வந்ததும் நானே படித்தேன். வீட்டைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. விற்பது தன் சொந்தக்காரர் வீடானால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் வேறு யாருக்குப் பங்கு, யார் குடியிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பொய் சொல்லி யாரிடமும் சம்மதம் வாங்கக் கூடாது. படித்து முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதே என் குரல் இறங்கியது யாருக்கும் தெரியாது.

கை வலிக்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. மசூதிக்குப் போய் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இல்ஹோம், பாதாம் பூத்திருந்தபோது நீ போன் செய்தாய். வீட்டை விற்கப் போகிறேன், பவர் பத்திரம் அனுப்புகிறேன், நீங்களே முடித்துவிடுங்கள் என்றாய். 'மஸ்தூராவோட சம்மதக் கையெழுத்தை நோட்டரி கேப்பாங்கப்பா. தாஷ்கந்துல ஃபிளாட் வாங்கறோம், எல்லாரும் அங்க போறோம்னு சொல்லுங்க, போட்டுடுவா' என்றாய். நானும் நம்பினேன். நீ திரும்பி வருகிறாய் என்றே நினைத்தேன். மஸ்தூரா அன்றைக்கே பெட்டியைத் திறந்து, எதை எடுத்துப் போவது, எதை அண்ணன் வீட்டில் விடுவது என்று பிரிக்க ஆரம்பித்தாள். தாஷ்கந்தில் பள்ளிக்கூடச் சீருடை என்ன நிறம் என்று ரோபியா கேட்டபடியே இருந்தாள்.

முலாம்பழம் சந்தைக்கு வந்தபோது நம் தெரு சோபிர் சமாராவிலிருந்து வந்தான். என்னைத் தெருமுனைக்கு அழைத்துப் போய் நின்றான். தலையைத் தூக்காமல், 'தாத்தா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. இல்ஹோம் அண்ணனுக்கு அங்க ஒரு பொண்ணு பொறந்திருக்கு' என்றான். நான் வாங்கியிருந்த முலாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். யார் கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒருவரையும் கூட்டிவரவில்லை. நீதான் திரும்பத் திரும்பக் கேட்டாய். 'லைசென்ஸ் வாங்கினது சட்டம் போட்டு மாட்டவா?' என்றாய். போன வாரம் டோல்கின் என்பவரை அழைத்து வந்தேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். மனைவியும் வந்தாள். நல்ல மனிதர்கள். வாசலிலேயே, 'விக்கிறவன் என் மகன், இதை மொதல்லயே சொல்லிடறேன்' என்றேன். 'தகப்பன் காட்டுற வீடு இன்னும் நம்பிக்கைதானே' என்றார் டோல்கின். வாதுமைமரத்தைப் பார்த்தார்கள், கொடியைப் பார்த்தார்கள், அடுப்பைப் பற்றவைத்து எரிவாயு வருகிறதா என்று பார்த்தார்கள். அவருக்குப் பிடித்துவிட்டது.

பழக்கதோஷம், கைசேர்க்கக் கையை நீட்டிவிட்டேன். வாங்குபவர் கை ஒன்று, விற்பவர் கை ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒத்துவரும்வரை குலுக்குவேன். எத்தனை வீடுகள் அப்படி முடித்திருப்பேன். இங்கே டோல்கின் கை என் வலக்கையில் இருந்தது. விற்பவன் கை எங்கே? உன் பவர் பத்திரப்படி அதுவும் என் கைதான். இடக்கையைத் தூக்கிப் பார்த்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குள் அவர் மனைவி சமையலறையில் எதையோ பார்த்துவிட்டு, 'இது யாரோட ரொட்டிம்மா?' என்று கேட்டாள்.

அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறதே, அந்த ரொட்டி. நீ சமாராவுக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில் உன் அம்மா தந்தூரிலிருந்து எடுத்து நீட்டினாள். நம்மூர் வழக்கப்படி நீ ஒரு கடி கடித்துத் திருப்பிக் கொடுத்தாய். வந்து மிச்சத்தைத் தின்பான் என்று அவளே மாட்டினாள். அவள் போன பிறகு மஸ்தூரா அதைத் தூசி தட்டுகிறாள், எறும்பு வராமல் பார்க்கிறாள். வருகிறவர்கள் கேட்டால் ஒரு பெருமை. அன்றும், 'எங்க வீட்டுக்காரர் கடிச்சது, அக்கா. வந்து முடிப்பார்' என்றாள்.

டோல்கின் என் கையை விட்டுவிட்டார். என்னைக் கொடியின் கீழ் அழைத்துப் போனார். 'பெரியவரே, நானும் பாதி நாள் ரயில்ல கெடக்கறவன், எங்க வீட்டுலயும் ரொட்டி தொங்குது. ஒருத்தனுக்காக ரொட்டி காத்திருக்கற வீட்டை நான் எப்படி வாங்குவேன்? நேரா சொல்லுங்க. அவரு வரப்போறாரா? இந்தப் பொண்ணு எங்க போவா?' என்றார்.

எல்லாரும் தாஷ்கந்த் போகிறார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஃபிளாட் கிடைக்கும்வரை என்னை உன் அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னாயே, நானும் ஃபெர்கானாவுக்கு மூட்டை கட்டியிருப்பேன். மஸ்தூராவும் குழந்தையும் அவள் அண்ணன்மார் வீட்டு மூலையில் பாய் விரித்திருப்பார்கள். மடியில் அட்டை இருந்தது. அதில் என் படம் இருந்தது. 'என் மகன் வரமாட்டான். அங்க அவனுக்கு வேற வீடு, வேற புள்ள. இவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாம இவகிட்ட கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கான்' என்றேன்.

திரும்பினேன். மஸ்தூரா டீத் தட்டோடு நின்றிருந்தாள்.

கிண்ணம் ஒன்றும் விழவில்லை இல்ஹோம். அவள் விரிப்பில் தட்டை வைத்தாள், கெட்டிலைச் சாய்த்தாள். நம் வீட்டில் எந்த விருந்தாளிக்கும் அரைக் கிண்ணத்துக்கு மேல் டீ ஊற்றியதில்லை, மறுபடி ஊற்றும் மரியாதைக்காக. அன்று அவள் விளிம்பு வரை ஊற்றினாள். டோல்கினுக்கு, அவர் மனைவிக்கு, எனக்கும். போய் வாருங்கள் என்று சொல்ல நம்மூரில் அதைவிட வேறு வழி இல்லை. அவர்கள் குடிக்காமல் எழுந்தார்கள். எனக்கு எழுந்து போக இடமில்லை, உட்கார்ந்தே இருந்தேன்.

அவள் அழுததை நான் பார்க்கவில்லை. மறுநாள் மதியம் பாத்திரம் கழுவிவிட்டு, வழக்கம்போல் என் எதிரில் உட்கார்ந்தாள். 'எப்பலருந்து தெரியும்பா?' என்றாள். முலாம்பழம் வந்ததிலிருந்து என்றேன். 'இந்த இடத்துல உக்காந்து உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். நீங்க எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே' என்றாள். வாங்க வந்தவரிடம் மறைக்காதே என்று விதி இருந்தது, அதனால் சொன்னேன். மருமகளிடம் மறைக்காதே என்று யாரும் எழுதித் தரவில்லை, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். எழுதித் தந்தால்தான் தெரியுமா எனக்கு?

முகத்தஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையைப் பறிப்பாள் என்று நினைத்தேன். 'வெச்சுக்கோங்க அண்ணா. ஆனா இந்த வீட்டுப் பக்கம் தரகனா போகாதீங்க, தகப்பனா போங்க' என்றாள். நோட்டரியிடம் பவர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் வீட்டை நான் விற்கமாட்டேன். வேறு யாரையாவது வைத்து நீ விற்கலாம், மஸ்தூரா கையெழுத்துப் போட்டால் சட்டம் தடையில்லை. ஆனால் வருகிற ஒவ்வொருவரும் அந்த ரொட்டியைப் பார்ப்பார்கள்.

அதை மஸ்தூரா இறக்கிவிடுவாள் என்று நினைத்தேன். இறக்கவில்லை. தூசி தட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். நான் இறக்கப் போனபோது கையைப் பிடித்தாள். 'கடிச்சவர் இறக்கட்டும்பா' என்றாள். ரோபியாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் நாற்காலியில் ஏறி, உன் கடிவாயில் தன் வாயை வைத்து அளந்து பார்க்கிறாள். அப்பா வாய் பெரிசு என்கிறாள். உன் அம்மா பிசைந்த மாவு அது. இப்போது கல்லாகிவிட்டது.

உன்னைத் திட்ட எழுதவில்லை. திட்டும் வார்த்தைகளை எனக்கு இன்னும் எழுதத் தெரியாது. ஒரு முறை வா மகனே. வந்து தின்றுவிட்டுப் போ, அல்லது வந்து உன் கையால் இறக்கி அவளிடம் கொடுத்துவிட்டுப் போ. வர முடியாவிட்டால் அவளுக்குப் போன் செய்து உன் வாயால் சொல். அந்தச் செய்தியை, அதுவும் ஓர் அந்நியரிடம் நான் சொல்லும்போதுதான் அவள் கேட்டாள். அது போதாது.

அங்கே பிறந்திருக்கும் குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். சமாராவில் குளிர் அதிகம் என்கிறார்கள். நீங்கள் எல்லாரும் நன்றாயிருக்க வேண்டும் என்று கையேந்திக் கேட்கிறேன். எல்லாரும் என்றால், இங்கே இருப்பவர்களும்தான்.

அந்தக் குழந்தையின் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு. முன்பு உன் கடிதம் வந்தால் மஸ்தூராதான் எனக்குப் படிப்பாள். இனி அவளைப் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை. நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
கட்டைவிரல் வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா,
ஹைதரலி