நீலக் கட்டம் போட்ட லுங்கி

என் மச்சானுக்கு,

உங்கள் மகன் குளித்துவிட்டுத் தூங்குகிறான். ஆண் பிறந்தால் யூசுப் என்று சொல்லியிருந்தீர்கள். யூசுப்தான். நெற்றி உங்களுடையது என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நெற்றி போல இருக்கிறது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த லாரி உங்கள் பைக்கை இடித்தபோது இவன் வயிற்றில் ஆறு மாதம். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா, பிள்ளை பிறந்ததும் முடிந்துவிடுமாம். பிரசவ அறையிலேயே சொன்னார்கள், இனி நீ வெளியே போகலாம் என்று. எங்கே போவது?

பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது என்று உங்கள் உம்மா உங்களுடைய பழைய லுங்கிகளைக் கிழித்தார். "துவைச்சுத் துவைச்சு எப்படி மெத்துன்னு கீது பாரு." துவட்ட, விரிக்க, சுற்ற. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீலக் கட்டம் போட்டது மட்டும் மிஞ்சியது. லாரி இடித்த அன்று காலையில் நீங்கள் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனது. துவைக்காதது. அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அது கிழியாமல் இருக்க வேண்டுமானால் டவல் வேண்டும். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும் உங்கள் தங்கை நசீமாவோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்திவிட்டார்கள், மச்சான். ஸ்டேஷனில் பைக்கை விட்டுவிட்டு நீங்கள் தினமும் வேலைக்குப் போன வண்டி. தெரியுமா உங்களுக்கு?

கடைக்காரர் தொப்பி வைத்தது, வாத்துப் படம் போட்டது என்று பரப்பினார். ஒவ்வொன்றையும் புறங்கையில் தேய்த்தேன். ஓரத் தையல் கழுத்தை உரசுமா? நூல் வளையத்தில் அவன் நகம் மாட்டுமா?

"எம்.ஏ. படிச்சவங்க டவல் எடுத்தா கடை சாத்துற நேரம் வந்துடும்," என்றாள் நசீமா. பிறகு அவரிடம், "சாயம் போகுமாண்ணா?"

"என் தலைச் சாயம் போனாலும் இது போகாதும்மா."

"அதான் காதோரமா வழியுதே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நசீமா வீட்டில் சொன்னாள். எனக்கு நினைவில்லை. சாயமே இல்லாத வெள்ளையில் இரண்டு வாங்கினோம்.

ஒரு முறை அலசிக் காயவைத்தேன். மறுநாள் உம்மா அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிவிட்டு டவலைக் கேட்டார். துவட்டத் துவட்ட முதுகில் தண்ணீர் அப்படியே நின்றது.

"இது எங்கடி உறிஞ்சுது? இன்னும் நாலு தடவை வெந்நீர்ல அலசி வெயில்ல போட்டாதான் பழகும். வேற துணி குடு."

வேறு துணி இல்லை. இரண்டு நாளாக மழை. கிழித்த துணியெல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கியது. அவன் நடுங்கிக்கொண்டே கத்தினான். பீரோவில் இருப்பது உம்மாவுக்குத் தெரியும். கேட்கவில்லை.

நான்தான் திறந்தேன்.

அது தண்ணீரை உடனே வாங்கிக்கொண்டது. முதுகு, அக்குள், தொடை மடிப்பு, காதின் பின்புறம். அழுகையை நிறுத்தினான். பிறகு அதிலேயே மூத்திரம் போனான்.

"வாப்பா லுங்கின்னு தெரிஞ்சுதான் போறான், திருட்டுப் பய," என்று உம்மா சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துவைத்தேன். வெந்நீர், கொஞ்சம் சோப்பு, இரண்டு அலசல். பிழியும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். சற்று நேரம் நின்றுகூடப் பார்த்தேன். அழுகை ஏன் வரவில்லை, மச்சான்?

முழு லுங்கி அவனுக்குப் பெரிது. மழைக்காலத்தில் காயவும் மாட்டேன் என்கிறது. இன்று காலையில் நானே கிழித்தேன். நேராகத்தான் கிழிந்தது. ஓரங்களை மடித்துத் தைத்தேன், நூல் பிரிந்து அவன் விரலில் சுற்றக் கூடாது.

இதில் ஒரு துண்டைக்கூட எனக்கென்று எடுத்து வைக்க மாட்டேன். எல்லாம் நைந்துபோகும்வரை அவனை இதில்தான் துவட்டுவேன். இது உங்களுக்கு என் வாக்கு.

யூசுபின் உம்மா,
உங்கள் ஹாஜிரா