முழங்காலோடு நின்ற திரை

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, உன் தங்கை மூவரும் நலம். நீயும் மருமகளும் நன்றாக இருக்க வேண்டும், உன் மேல் கோபம் இருந்தாலும் அந்த வேண்டுதலில் நான் குறை வைக்கவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். கேஸை வாபஸ் வாங்கிப் பேசி முடிச்சிடலாமே, தங்கச்சி பேருதானே கெடுது என்று உங்கப்பாவிடம் சொன்னாயாம், மனுஷர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். யார் பேர் கெட வேண்டும் தம்பி? மருந்துக் கடையில் வேலை முடிந்து கிளம்பியவளை, ஷட்டரை இறக்கிவிட்டு நாசம் செய்தவன் அந்த முதலாளி. இவள் எதற்குத் தலை குனிய வேண்டும்? நம் தையல் கடைக்குச் சமாதானம் பேச வந்த அவன் மைத்துனரிடமும், சட்டைக்கு அளவு எடுக்கணுமா, இல்லைன்னா கிளம்புங்க என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் சாட்சி சொல்லும் நாள். ஏற்கெனவே அவன் வக்கீல் சாக்குச் சொல்லிச் சொல்லி வாய்தா வாங்கி இழுத்தடித்த கேஸ். அவன் முகத்தைப் பார்க்காமல் பேச நடுவில் ஒரு மறைப்பு வேண்டும் என்று நம் வக்கீலம்மா முன்பே உத்தரவு வாங்கியிருந்தார். போய் நின்றால், மறைப்பு உடைஞ்சு போச்சு, வேற தேதி போட்டுக்கலாம் என்கிறார் கோர்ட் குமாஸ்தா. உன் தங்கை முகம் வெளிறிவிட்டது. இனிமே நான் வரமாட்டேம்மா, இன்னொரு தடவை மனசைத் தேத்திக்கிட்டு வர என்னால முடியாது என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! அவளை உங்கப்பாவிடம் விட்டுவிட்டு வண்டி பிடித்து நம் தையல் கடைக்கு ஓடினேன். வருகிறவர்கள் உடுப்பைப் போட்டுப் பார்க்க ஓர் இரும்புச் சட்டத்தில் நீலத் திரை மாட்டி வைத்திருக்கிறோமே, அதைச் சட்டத்தோடு தூக்கி வந்து குமாஸ்தா முன்னால் நிறுத்தினேன். நீதிபதியம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, இது போதுமாம்மா என்று உன் தங்கையைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். வாயே திறக்கக் கூடாது என்ற கண்டிப்போடு என்னையும் அவள் பக்கத்தில் உட்காரவிட்டார்கள். நான் எப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேனோ, உங்கப்பா இன்னும் நம்பவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியட்டும் என்று அந்தத் திரையை முழங்காலோடு நிறுத்தித் தைத்தவள் நானேதான். அடியில் அவன் செருப்பு பளிச்சென்று தெரிகிறது, உன் தங்கையின் கண்ணும் அங்கேயே நிற்கிறது. ஐயோ, நானே கெடுத்துவிட்டேனே என்று மனசுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன். ஏன் கத்தவில்லை, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவன் வக்கீல் துளைத்து எடுத்தார். இவள் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே, கத்தினேன், ஷட்டர் இறங்கியிருந்தது என்றாள். சொல்லச் சொல்ல அந்தக் கால்கள் நாற்காலிக்கு அடியில் பின்வாங்கின, ஒன்று நிற்காமல் ஆடியது. இவள் குரல் ஏறியது. வெளியே வந்ததும், அவன் கால் நடுங்குச்சும்மா, எனக்கு நடுங்கல என்றாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

தீர்ப்பு எப்படி வருமோ தெரியாது. தோற்றாலும் மேல்கோர்ட்டுக்குப் போவோம், எங்களுக்கு வேறு வேலை இல்லை. தீர்ப்பு நாளில் நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், ஊர் பார்க்க. அதற்கு முன் அவளுக்கு ஒரு போன் போடு, புத்தி சொல்ல வேண்டாம், சாப்பிட்டாயா என்று கேள், போதும்.

கோர்ட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு திரை தைத்துத் தர முடியுமா என்று குமாஸ்தா கேட்டிருக்கிறார். இந்தத் தடவை தரை வரைக்கும் விட்டுத் தைக்கலாம் என்று துணியை வெட்டப் போனேன், உன் தங்கை கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டா தைம்மா, ஒண்ணு தரை வரைக்கும், ஒண்ணு முழங்கால் வரைக்கும், எது வேணும்னு சாட்சி சொல்ல வர்றவளே சொல்லட்டும் என்றாள். இரண்டும் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். போன் போட மறக்காதே.

இப்படிக்கு,
கோபம் பாதி தணிந்த
உன் அம்மா