சகலை நிலத்து மண்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். அவரை விதை நேர்த்தி.

மாமியார் நிலம், ஆண்டர்சன்பேட்டை தாண்டி. நடுவில் ஒரு வரப்பு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சகலை சேகர். போன வாரம் மாமியார் சொன்னது: "ரெண்டு பேரு பஞ்சாயத்து எனக்கு வேணாம். யாருக்கு அவர நல்லா வருதோ, அடுத்த வருசம் மொத்தமும் அவுரே பாக்கட்டும்."

சேகர் ரைசோபியம் பாக்கெட் ஒன்று கொடுத்தான். கறுப்புப் பொடி. உள்ளே உயிருள்ள பாக்டீரியாவாம். வேரில் குடியேறி, காற்றிலிருந்து சத்து பிடித்துச் செடிக்குத் தருமாம். பாக்கெட் முழுக்கக் கன்னடம். கன்னடத்தில் பேரம் பேசுவேன், சண்டை போடுவேன், படிக்க மட்டும் தெரியாது. என் மனைவி தமிழரசிக்குத் தெரியும் (பேர்தான் தமிழரசி, படித்தது கன்னட மீடியம்). கேட்கவில்லை. சேகரிடம் கேட்பதற்கு நாண்டுகொண்டு சாகலாம்.

வெல்லத் தண்ணீரில் விதையோடு பிசறி, கூரைத் தகரத்தில் பரப்பினேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. சேகர் விதையை மரத்தடியில் சாக்கு விரித்து ஆற வைத்திருந்தான், மாப்பிள்ளை உபசாரம் போல. எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

செப். 5, வெள்ளி

மேகமூட்டம். முட்டிவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

என் பக்கம் வெளுத்த மஞ்சள். அவன் பக்கம் கரும்பச்சை. பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவன், ஞாயிறு மட்டும் நிலத்துக்கு வருவான். நான் ஃபாக்டரியில் ரிட்டயர் ஆனவன், தினமும் போகிறேன்.

அரசி வரப்பில் நின்று அந்தப் பக்கமே பார்த்தாள். "வாரத்துக்கு ஒரு நாளு வர்றவருக்கே இப்டி வந்துகீது. நீங்க தெனம் வந்து இன்னா பண்றீங்க?"

வயிறு எரிகிறது. எழுதினால் தணியும் என்று பார்த்தேன். தணியவில்லை.

செப். 9, செவ்வாய்

யாரும் இல்லை. அவன் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக, பாக்டீரியா குடியேறின இடம். நகத்தால் கிள்ளினால் உள்ளே சிவப்பு. என் செடியில் நாலைந்து முடிச்சு, உள்ளே வெறும் வெள்ளை.

பாக்டீரியா அவன் மண்ணில்தானே இருக்கிறது? டிபன் பாக்ஸில் அள்ளி வந்து என் செடிகளின் தூரில் போட்டேன். மூன்று நடை.

அப்பா தங்கச் சுரங்கத்தில், நந்திதுர்க் ஷாஃப்ட்டில் வேலை செய்தவர். ஷிஃப்ட் முடிந்தால் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பொட்டுத் தங்கம் எடுத்ததில்லை. மகன் மண் திருடுகிறேன்.

டிபன் பாக்ஸ் மூடியைக் காணோம்.

செப். 14, ஞாயிறு

சேகர் வந்தான். தோளில் ஒரு மூட்டை மண். கையில் மூடி. ஃபாக்டரியில் நானே பஞ்ச் அடித்த என் டோக்கன் நம்பர் அதில்.

"கேட்டிருந்தா மூட்டையாவே குடுத்திருப்பேனே, அண்ணா. அக்காண்ட ஒண்ணும் சொல்லல. ஆமா, வெதைய எங்க காய வெச்சீங்க?"

"தகரத்து மேல."

"அய்யோ, எல்லாம் செத்திருக்கும். 'நெரளல்லி'ன்னு போட்டுகீதே பாக்கெட்ல. நெழல்ல காய வெக்கணும்."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அன்பாகப் பேசுகிறான். அதுதான் தாங்கவில்லை.

முடிவு: நாளைக்கே மாமியாரிடம் போய், நிலம் சேகருக்கே என்று நானாகச் சொல்லிவிடுவது. பெருந்தன்மையிலாவது அவனை முந்த வேண்டும்.

செப். 15, திங்கள்

மாமியார் வீடு. வாழைப்பழம் ஒரு சீப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே:

"சின்ன மாப்ள நேத்தே வந்து சொல்லிட்டாரு. தெனம் போறது பெரியவருதான், மொத்தமும் அவுரே பாக்கட்டும்னு. இன்னா மனசு பாத்தீங்களா!"

இதிலும் முந்திவிட்டான், பாவி.